நாடு மாறும் உழைப்பும் மாறாத உரிமையும்

ஒட்டுசுட்டானில் இருக்கும் எங்கள் சாச்சி சென்ற விடுமுறையில் ஒரு பழைய பைலைத் தந்து, "இதுக்குள்ள தேவையில்லாத பேப்பர் எல்லாத்தையும் எறிஞ்சு விடு மகள்" என்றார். எறியுமுன் வாசித்தேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

சாச்சி 2013 முதல் மூன்று வருடம் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் தையல் வேலை செய்தார். 2017இல் குவைத்துக்கு வீட்டுப் பணிக்குப் போய் ஆறு வருடத்தின் பின் திரும்பினார். இரண்டு நாட்டில் உழைத்தவருக்கு முதுமைக் காலத்தில் எந்த நாடு கைகொடுக்கும்?

பைலில் ஊழியர் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தோடு ஒரு சம்பளச் சீட்டு இருந்தது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியரின் சம்பளத்தில் 8 வீதமும் தொழில்தருநரிடமிருந்து 12 வீதமும் இந்நிதிக்குச் சேரவேண்டும். சம்பளம் 20,000 ரூபா என்றால் மாதம் 4,000 ரூபா. மூன்று வருடத்துக்கு 1,44,000, வட்டி வேறு. வேலையை விட்டதும் அது போய்விட்டது என்றே சாச்சி நினைத்திருந்தார். போகவில்லை. பெண்கள் 50 வயதில் எடுக்கலாம். அவருக்கு இன்னும் நாலு வருடம்.

குவைத்தின் கதை வேறு. அங்குள்ள ஓய்வூதியத் திட்டம் குவைத்தியருக்கும் வளைகுடா ஒத்துழைப்பு நாட்டவருக்குமே உரியது. ஆனால் 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்க வீட்டுப் பணியாளர் சட்டம், ஒப்பந்தம் முடியும்போது வேலைசெய்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளத்தைப் பணிக்கொடையாகக் கொடுக்கச் சொல்கிறது. 2016இல் விதித்த ஆகக்குறைந்த சம்பளமான 60 தினாரை வைத்துப் பார்த்தாலும் ஆறு வருடத்துக்கு 360 தினார். சாச்சி திரும்பி வந்த 2023இல் அது மூன்றரை இலட்சம் ரூபாவுக்குக் குறையாது. சாச்சிக்குக் கிடைத்தது விமானச் சீட்டும் ஒரு அரபுத் தாளும். எங்கள் அரபு டீச்சரிடம் அதைக் காட்டினேன். 'எனக்கு வரவேண்டிய யாவும் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதியிருந்ததாம். கீழே சாச்சியின் கையொப்பம். தினமும் குர்ஆன் ஓதுகிறவர்தான். ஆனாலும் அந்த அரபு அவருக்கு விளங்கவில்லை.

சில நாடுகள் தமக்குள் உடன்படிக்கை செய்து, ஒருவர் இரு நாட்டிலும் உழைத்த வருடங்களைக் கூட்டி ஓய்வூதியம் கொடுக்கின்றன. உடன்படிக்கை இல்லாவிட்டால் நஷ்டம் உழைத்தவருக்கே. பிரித்தானிய அரச ஓய்வூதியம் பெறுபவர் இலங்கைக்கு வந்து குடியிருந்தால் தொகை கிடைக்கும், ஆனால் வருடாந்த உயர்வு கிடைக்காது. சுவிஸில் ஒரு முழு வருடமாவது முதியோர் காப்புறுதிக்குப் பணம் கட்டிய இலங்கையர், நாட்டை விட்டு நிரந்தரமாக நீங்கும்போது கட்டியதைத் திருப்பிக் கேட்கலாம். வன்னியில் சுவிஸில் உறவில்லாத வீடு எத்தனை? ஆனாலும் இதை அறிந்தவர் குறைவு என்பது என் எண்ணம்.

புலம்பெயர் தொழிலாளர் உரிமை பற்றிய 1990ஆம் ஆண்டின் ஐ.நா. சமவாயத்தில் இலங்கை 1996இல் இணைந்தது. அதன் 27ஆம் உறுப்புரை, நலன் கொடுக்க முடியாவிட்டால் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுப்பதையாவது ஆராயுமாறு சொல்கிறது. வளைகுடா நாடுகள் அதில் இணையவில்லை. அதனால் அங்கே போகிறவருக்கு அந்தந்த நாட்டுச் சட்டமும் கையிலுள்ள ஒப்பந்தமும்தான் துணை.

அடுத்த வீட்டு அக்காவின் மகள் வருகிற மாதம் குவைத்துக்குப் போகிறாள். நேற்றுச் சாச்சி அவளைக் கூப்பிட்டு அந்த அரபுத் தாளைக் காட்டினார். "காசு கையில வராமல் இப்படி ஒண்டில சைன் வைச்சிடாத" என்றார். பைலை நான் எறியவில்லை.