குழி தெரியாவிட்டாலும் பெயர் தெரியும்

சுங்காய் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த பல குடும்பங்களில், "சயாமுக்குப் போனவர், திரும்பி வரவில்லை" என்று சொல்லப்படும் ஒருவர் இருப்பார். என் பாட்டியின் தாய்மாமனும் அப்படிப் போனவரே. பெயரில்லாத பொதுக்குழியில் கிடக்கும் உறவினரைக் கண்டுபிடிக்க முடியுமா? அவருக்கு அடையாளம் வைக்க முடியுமா? இக்கேள்விகளையே இக்கட்டுரை ஆராய்கிறது.

ஜப்பானியர் ஆட்சியில், 1942 ஜூன் தொடங்கி 1943 அக்டோபருக்குள் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில் பாதை போடப்பட்டது. அதில் நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களில் மாண்டோர் ஏறத்தாழ 90,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர்களும் இதில் அடங்குவர். 1943 மே மாதம் பரவிய காலராவில் இறந்தவர்கள் எரிக்கப்பட்டனர். அல்லது ஒரே குழியில் சேர்த்துப் புதைக்கப்பட்டனர்.

கைதிகள் தங்களுள் இறந்தோரின் பெயரையும் இடத்தையும் இரகசியமாகக் குறித்து வைத்தனர். போர் முடிந்ததும் 1945இல் ஒரு குழு பாதை நெடுகச் சென்று கல்லறைகளைத் தேடியது. காஞ்சனபுரி போர்க் கல்லறையில் இரண்டு குழிகளில் மட்டும் 300 பேரின் சாம்பல் சேர்ந்து கிடக்கிறது. எனினும் அவர்களின் பெயர்கள் அங்குள்ள மண்டபத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. 1990இல் அதே காஞ்சனபுரியில் ஆசியத் தொழிலாளர்களுடையவை என்று கருதப்படும் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரு பெருங்குழியிலிருந்து எடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றுக்கும் பெயரில்லை. இரண்டுமே பொதுக்குழிகள்தாம். ஆனால் ஒன்றுக்குப் பட்டியல் இருந்தது, மற்றொன்றுக்கு இல்லை.

ஆகவே நமது தேடல் குழியிலிருந்து அல்ல, பெயரிலிருந்து தொடங்க வேண்டும். மலாயாவில் அடையாளக் கார்டு 1948இல்தான் வந்தது. 1943இல் இறந்தவருக்கு அது இல்லை. எனவே வீட்டு முதியோரிடம் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுதல் நலம்.

முதலாவது, அழைக்கும் பெயர், தோட்டத்தில் பதிந்த பெயர், தகப்பனார் பெயர் ஆகிய மூன்றும்.

இரண்டாவது, எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, யார் யாருடன் போனார் என்பது. உடன் சென்று திரும்பியவர் சொன்ன செய்தியே பெரும்பாலும் ஒரே சாட்சியம்.

மூன்றாவது, முகாமின் பெயர். இதில் கவனம் தேவை. காஞ்சனபுரிக்கு அருகிலும் தமிழில் 'சுங்காய்' என்றே எழுதக்கூடிய ஓர் இடம் உண்டு. அங்குள்ள போர்க் கல்லறையில் 1,700க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் அடங்கியுள்ளனர். "சுங்காயில் அடக்கம்" என்று ஒருவர் சொன்னால், பேராவிலுள்ள நம் ஊரா, சயாமிலுள்ள ஊரா என்று கேட்டுத் தெளிய வேண்டும்.

இவற்றைத் திரட்டிய பின், கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகக் காலக் கோப்புகளைப் பார்க்கலாம்.

அடையாளம் வைப்பதற்கு நம் மரபே வழி காட்டுகிறது. நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு படிகளாகச் சொல்கிறது. கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி வாழ்த்துவதில் அது முடிகிறது. இறந்தவருடைய உடலைத் தேடி எடுப்பது இந்த ஆறில் ஒன்றாகச் சொல்லப்படவில்லை. காஞ்சனபுரியில் ஒரு புத்தக் கோயில் வளாகத்தில் 2020களில் தமிழ்த் தொழிலாளர்களுக்காக ஒரு நடுகல் எழுப்பப்பட்டிருக்கிறது. அது அனைவருக்கும் பொதுவான கல். தனித்தனிப் பெயர்களைத் தர வேண்டியவர்கள் நாமே.

ஒருவருக்கு ஒரு கல் என்பதைவிட, ஒரு தோட்டத்திலிருந்து போன அனைவரின் பெயரையும் ஒரே கல்லில் பொறிப்பதே பொருத்தம். சேர்ந்து கிடப்பவர்களைப் பிரித்து நினைக்க வேண்டியதில்லை. தோட்டங்கள் கைமாறும்போது தோட்டத்து மயானங்களும் மறைவதுண்டு. ஆதலால் கல்லைக் கோயில் வளாகத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ வைப்பது பாதுகாப்பானது.

சயாமிலிருந்து திரும்பி வந்தவர்களில் இன்று மிகச் சிலரே எஞ்சியிருக்கக்கூடும். அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகளும் முதுமை அடைந்துவிட்டனர். அடுத்த விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு செல்வோமாக. ஒரு பெயர் கிடைத்தாலும் அது பதிய வேண்டிய பெயரே.