சிங்கப்பூர் போகத் திருச்சியா, சென்னையா?

டிக்கெட்டில் கொஞ்சம் மிச்சமாகிறது என்று, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சென்னைக்குப் போய் சிங்கப்பூர் விமானம் ஏறுகிறவர்கள் உண்டு. முடிவெடுக்கும் முன் உங்கள் வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வான்வழி நேர்த்தூரம் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குச் சுமார் 2,980 கி.மீ.; சென்னையிலிருந்து சுமார் 2,925 கி.மீ. வித்தியாசம் 60 கிலோமீட்டர்கூட இல்லை. எங்கே ஏறினாலும் பறப்பது ஏறக்குறைய 4 மணி நேரம்தான்.

வித்தியாசமெல்லாம் தரையில்தான். தஞ்சாவூரிலிருந்து திருச்சி விமான நிலையம் 60 கி.மீ.க்குள், துவாக்குடி வழியாகக் காரில் ஒன்றேகால் மணி நேரம். கும்பகோணத்துக்காரர்கள் இன்னும் 40 கி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையில் இருப்பதால், பேராவூரணிப் பக்கத்தார் ஆலங்குடி, புதுக்கோட்டை வழியாக வரலாம். தஞ்சாவூருக்கும் திருச்சி நகருக்கும் உள்ளே நுழைய வேண்டியதில்லை. சென்னையோ ரயிலில் 350 கி.மீ.; ஆறேழு மணி நேரம் ஆகிவிடும். வழியனுப்ப வேன் வைத்துக்கொண்டு குடும்பமே கிளம்பினால், டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது டீசலுக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும்.

சென்னையில்தான் ஏற வேண்டும் என்றால் ரயிலில் எழும்பூர் வரை போகாதீர்கள். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் ஏறுங்கள். நான்காவது நிறுத்தம் திரிசூலம். எதிரிலேயே விமான நிலையம்.

டிக்கெட்டில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, அதில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இரவு 10 மணிக்குக் கிளம்பி அதிகாலை 4.40க்கு இறங்கும் விமானம் உண்மையில் பறப்பது 4 மணி 10 நிமிடம். அழைத்துப்போக வருகிறவருக்கு சிங்கப்பூர் நேரத்தையே சொல்லுங்கள். இரண்டாவது, தேதி. 15ஆம் தேதி 00.50 என்றிருந்தால், 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஒரு நாள் தவறிப் போனால் டிக்கெட் பணம் போனதுதான்.

வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்பே போய்விடுங்கள். தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது அறுவடை இயந்திரங்களும் நெல் லாரிகளும் கிராமச் சாலைகளை அடைத்துக்கொண்டு நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. இந்த மாதங்களில் வீட்டிலிருந்து இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புவது நல்லது.

சென்னை வரைக்கும் மட்டுமே போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. திருச்சியிலிருந்து விமானம் பறப்பது ஒரு மணி நேரம்தான். ஆனால் திருச்சி போவது, ஒரு மணி நேரம் முன்பே காத்திருப்பது, மீனம்பாக்கத்திலிருந்து ஊருக்குள் போவது எல்லாம் சேர்ந்தால் ஐந்து மணி நேரம் ஆகிவிடும். அதற்கு இரவில் உழவன் எக்ஸ்பிரஸில் படுத்துக்கொண்டே போய்விடலாம். ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால் தொடங்குகிறது. பொங்கல், தீபாவளிப் பயணத்துக்கு அன்றே எடுத்துவிடுங்கள்.

ஆகவே, சென்னைக்கு இரவு ரயில், சிங்கப்பூருக்குத் திருச்சி விமானம். தஞ்சைப் பகுதிக்காரர்களுக்கு இதுவே நேரமும் உடம்பும் மிச்சமாகும் வழி.