நகரத்து மாயக்கதை எழுத வரும் பிள்ளைகளுக்கு

அர்பன் ஃபேன்டசி நாவல்களை வாசித்துவிட்டு, தமிழில் இப்படி ஒன்று எழுத வேண்டும் என்ற ஆசையோடு வரும் இளையவர்களைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. வாடகை ஏறும், கரண்ட் பில் வரும், பேருந்து தாமதமாகும் இன்றைய நகரம். அதன் சந்துகளில் ரத்தக்காட்டேரிகளும் ஓநாய் மனிதர்களும் சூனியக்காரிகளும். அவர்கள் நடுவே பின்வாங்காத ஒரு பெண். கூடவே கொஞ்சம் காதல். அமெரிக்காவிலும் கனடாவிலும் பெண் எழுத்தாளர்கள் பலர் சேர்ந்து வளர்த்த வகை இது. வெறும் பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிடுவோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு பெண் தன் முடிவைத் தானே எடுத்து, அதற்கான விலையையும் தானே கொடுக்கும் கதைகள் இவை. கீழே நான் சொல்பவை எல்லாம் இந்த ஒரு எண்ணத்திலிருந்து கிளைத்தவைதான்.

1. முதலில் அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள்.

வாளும் மந்திரமும் பிறகு வரட்டும். அவள் சம்பாதிப்பது எப்படி? பட்ரீஷியா பிரிக்ஸ் 2006இல் எழுதிய 'மூன் கால்ட்' நாவலின் மெர்சி தாம்சன், வோக்ஸ்வேகன் கார்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக். சார்லேன் ஹாரிஸின் சூக்கி ஸ்டாக்ஹவுஸ் ஒரு மதுக்கடையில் பரிமாறுபவள். காரி வான் படைத்த கிட்டி, டென்வர் நகர வானொலியில் நள்ளிரவு நிகழ்ச்சி நடத்துபவள். ஷானன் மெக்குவையரின் அக்டோபர் டே, சூப்பர் மார்க்கெட்டில் இரவு நேரக் காசாளர்.

வேலை என்பது வெறும் அலங்காரம் இல்லை. யார் அவளைத் தேடி வருவார்கள், அவள் கைக்கு என்ன பழக்கம், எதை இழக்க அவள் அஞ்சுவாள் என்பதெல்லாம் வேலையிலிருந்து பிறக்கின்றன. வேலை கேட்டு மெர்சியின் பட்டறைக்கு வரும் ஒரு பையனிடமிருந்துதான் அந்த முதல் நாவலே தொடங்குகிறது. உங்கள் நாயகி லேப் டெக்னீஷியனாக இருக்கலாம், மெட்ரோ ரயில் ஓட்டுநராக இருக்கலாம், பத்திர எழுத்தராக இருக்கலாம். அந்த வேலையைச் செய்பவர் ஒருவரோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

2. நகரத்தை நடந்து தெரிந்துகொள்ளுங்கள்.

எம்மா புல் 1987இல் எழுதிய 'வார் ஃபார் தி ஓக்ஸ்' இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்று. மினியாபொலிஸ் நகரத்து ராக் பாடகி எடி மெக்கேண்ட்ரி, ஃபேரி என்னும் மாய இனத்தாரின் இரு அரசவைகளுக்கு இடையே நடக்கும் போருக்குள் இழுக்கப்படுகிறாள். அந்தப் போரின் ஒரு சண்டை, நகரத்தின் பெயர்பெற்ற மின்னஹாஹா அருவியருகே நடக்கிறது. மெக்குவையரின் நாவலிலோ, அக்டோபர் டேயை மீனாக மாற்றிவிடுகிறான் எதிரி. அவள் 14 ஆண்டுகள் கிடப்பது சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் உள்ள ஜப்பானியத் தேநீர்த் தோட்டத்துக் குளத்தில். இன்றும் போய்ப் பார்க்கக்கூடிய குளம் அது.

இடம் உண்மையாக இருந்தால்தான் அங்கே நடக்கும் மாயத்தை வாசகர் நம்புவார். சென்னையை எழுதுகிறீர்கள் என்றால் 'ஒரு குறுகிய தெரு' என்று நிறுத்தாதீர்கள். ராயபுரமா, புளியந்தோப்பா, மாம்பலமா? அங்கே மழை பெய்தால் தண்ணீர் எந்த மூலையில் தேங்கும்? இரவு பதினொரு மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? அந்தத் தண்ணீரிலும் அந்தக் கடையிலும்தான் உங்கள் பேய் இருக்கிறது.

3. மாயத்துக்குச் சட்டம் எழுதுங்கள், அதை மீறாதீர்கள்.

இலோனா ஆண்ட்ரூஸ் என்பது கணவன் மனைவி இருவர் சேர்ந்து எழுதும் புனைபெயர். 2007இல் வந்த அவர்களுடைய 'மேஜிக் பைட்ஸ்' நாவலின் அட்லாண்டாவில் மாயம் அலை அலையாக வருகிறது. அலை எழுந்தால் மின்சாரம் நிற்கும், பெட்ரோல் வண்டி ஓடாது, துப்பாக்கி வெடிக்காது. அலை அடங்கினால் மந்திரம் செயலிழக்கும், விளக்கு எரியும். உயர்ந்த கட்டடங்களை மாயம் அரித்துத் தின்றுவிட்டது. கூலிப்படை வீராங்கனை கேட் டேனியல்ஸ் ஏன் வாள் வைத்திருக்கிறாள் என்பதற்கு இந்த ஒரு சட்டமே போதுமான காரணம்.

கிம் ஹாரிசனின் 'டெட் விச் வாக்கிங்' 2004இல் வந்தது. அந்த உலகத்தில், மரபணு மாற்றப்பட்ட தக்காளி வழியே பரவிய வைரஸ் மனித குலத்தின் கணிசமான பகுதியைக் கொன்றுவிட்டது. அதுவரை ஒளிந்து வாழ்ந்த மாய இனத்தார் வெளியே வந்தார்கள். மனிதர்கள் இன்னும் தக்காளியைக் கண்டால் நடுங்குகிறார்கள். ஒரு சட்டம் சமையலறை வரை போய்ச் சேருகிறது பாருங்கள். உங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிவையுங்கள்: மாயம் எதைச் செய்யும், எதைச் செய்யாது, செய்தவர் எதை இழப்பார். மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்காமல் கதையைத் தொடங்காதீர்கள்.

4. அவளுடைய குறையை அவளிடமே விட்டுவையுங்கள்.

டான்யா ஹஃப் 1991இல் எழுதிய 'பிளட் பிரைஸ்' நாவலின் விக்கி நெல்சன், டொரோண்டோ காவல்துறையில் திறமையான துப்பறிவாளர். விழித்திரை மெல்ல மெல்லச் சிதையும் நோயால் இரவில் பார்வை இல்லாமல் போக, வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறிகிறாள். அவளுக்குத் துணையாக வருபவன் ஹென்றி ஃபிட்ஸ்ராய். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் மகன், இப்போது ரத்தக்காட்டேரி, பிழைப்புக்குக் காதல் நாவல் எழுதுகிறான். அவளுக்கு இரவில் கண் தெரியாது. அவனால் பகலில் நடமாட முடியாது. இருவருக்கும் மற்றவர் தேவை என்பதை ஒரு வார்த்தை பேசாமல் இந்த அமைப்பே சொல்லிவிடுகிறது.

மெர்சியும் அப்படித்தான். மாபெரும் ஓநாய்களாக மாறுவோரின் நடுவே அவள் மாறுவது கயோட்டி என்னும் சிறு விலங்காக. எடையால் அவர்களை வெல்ல முடியாது. வேகத்தாலும் புத்தியாலும்தான் பிழைக்க வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தில் புதுச் சக்தி ஒன்றைக் கொடுத்து உங்கள் நாயகியின் சிரமத்தைத் தீர்த்துவைக்காதீர்கள். சிரமம் போனால் அவள் எடுக்கும் முடிவுகளுக்கும் மதிப்பு போய்விடும்.

5. 'நான்' என்று எழுதினால், அந்த நானின் தமிழ் எது என்று முடிவு செய்யுங்கள்.

மெர்சி, கேட், சூக்கி, கிட்டி, அக்டோபர் எல்லோரும் தங்கள் கதையைத் தாங்களே சொல்கிறார்கள். அவளுக்குத் தெரிந்தது மட்டுமே வாசகருக்குத் தெரியும்; அவள் ஏமாறும்போது வாசகரும் ஏமாறுவார். ஆங்கிலத்தைவிடத் தமிழில் இது கடினம். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையே தூரம் அதிகம். வியாசர்பாடியில் வளர்ந்த பெண் மேடைப் பேச்சாளர் போலக் கதை சொன்னால் முதல் பக்கத்திலேயே நம்பிக்கை போய்விடும். முழுக்கப் பேச்சுவழக்கில் எழுதினால் முந்நூறு பக்கம் வாசிக்க வாசகருக்குச் சிரமம். விவரிப்பு எளிய எழுத்துத் தமிழிலும் உரையாடல் அவரவர் வட்டாரத் தமிழிலும் இருப்பது தொடங்குவோருக்குப் பொருத்தமான வழி. முதல் அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். நாக்கு இடறும் இடத்தைத் திருத்துங்கள்.

6. காதல் உப்பின் அளவில் இருக்கட்டும்.

நாவலிலிருந்து காதலை முழுக்க எடுத்துவிட்டால் கதை நிற்குமா? நின்றால் அது நகர மாயக்கதை. விழுந்துவிட்டால் அது மாயம் கலந்த காதல் நாவல். இரண்டுமே மரியாதைக்குரியவை. எதை எழுதுகிறோம் என்ற தெளிவு மட்டும் உங்களுக்கு வேண்டும். லாரல் கே. ஹாமில்டனின் அனிட்டா பிளேக் வரிசை 1993இல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் துப்பறியும் கதையாகத் தொடங்கியது. பின்னால் வந்த நாவல்களில் காமம் மேலோங்க, முதல் நூல்களை நேசித்த வாசகர்கள் பலர் மனம் விலகினார்கள். வாசகரிடம் முதல் நூலில் கொடுத்த வாக்கு அவ்வளவு வலியது.

ஈர்ப்புக்குக் காரணம் அவளுடைய வாழ்க்கையிலேயே இருக்க வேண்டும். சூக்கிக்குப் பிறர் மனம் கேட்கும். ஓயாத அந்த இரைச்சலில் அவளால் எந்த ஆணோடும் பழக முடிந்ததில்லை. பில் ஒரு ரத்தக்காட்டேரி; ரத்தக்காட்டேரிகளின் மனம் அவளுக்குக் கேட்பதில்லை. அவன் பக்கத்தில்தான் அவளுக்கு அமைதி. அவனுடைய அழகைப் பத்துப் பக்கம் வர்ணித்திருந்தாலும் இவ்வளவு நம்பும்படி இருந்திருக்காது.

அவசரமும் வேண்டாம். மெர்சிக்கும் பக்கத்து வீட்டு ஓநாய்த் தலைவன் ஆடமுக்கும் திருமணம் நடப்பது 2011இல் வந்த ஆறாம் நூலில். அதற்கு முன்னால் எத்தனை சண்டைகள்! அவனை எரிச்சலூட்டவே, அவன் ஜன்னலிலிருந்து தெரியும்படி ஓட்டை கார் ஒன்றை நிறுத்திவைக்கிறாள் அவள். அவளுக்கு உத்தரவு போடுவது அவனுக்கு இயல்பு. கேட்காமல் இருப்பது அவளுக்கு இயல்பு. இருவரும் இடம் விட்டுக்கொடுக்கக் கற்றுக்கொள்வதுதான் அங்கே காதல். மிரட்டுவதையும் பின்தொடர்வதையும் காதல் என்று எழுதாதீர்கள். நம் சினிமா அதை வேண்டிய மட்டும் செய்துவிட்டது.

7. அவளைச் சுற்றிப் பெண்கள் இருக்கட்டும்.

ஆண்கள் கூட்டத்தில் ஒரே ஒரு வீரப்பெண் என்பது சோம்பேறித்தனமான அமைப்பு. கிம் ஹாரிசனின் ரேச்சல் மார்கன் பழைய வேலையை உதறிவிட்டுத் தன் தொழிலைத் தொடங்கும்போது, அவளோடு வேலையை விட்டு வருபவள் ஐவி என்ற பெண். இருவரும் ஒரு பழைய தேவாலயத்தில் ஒன்றாகக் குடியிருக்கிறார்கள். அவர்களிடையே உள்ள நட்பும் பயமும் வரிசை முழுவதையும் தாங்குகின்றன. தோழி, அத்தை, ஆச்சி, எதிரி என்று குறைந்தது மூன்று பெண்களுக்காவது சொந்த நோக்கம் கொடுங்கள்.

8. அவளுக்கு நேரும் கொடுமையைத் திருப்பமாகப் பயன்படுத்தாதீர்கள்.

மெர்சி வரிசையின் மூன்றாம் நூலில் அவள் பாலியல் வன்முறைக்கு ஆளாகிறாள். அடுத்த நூலான 'போன் கிராஸ்ட்' அதை மறந்துவிட்டு ஓடவில்லை. திடீரென்று வரும் நடுக்கம், தொடுதல் மீது வரும் அச்சம், மெல்ல மீளுதல் எல்லாம் அதில் உண்டு. காயத்தை எழுதத் துணிந்தால் ஆறும் காலத்தையும் எழுதுங்கள். அதற்கு மனமில்லை என்றால் காயத்தையே எழுதாதீர்கள். இதில் நான் கண்டிப்பானவன்.

9. தெய்வங்களை அவர்களுக்கு உரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

ரெபெக்கா ரோன்ஹார்ஸின் 'டிரெயில் ஆஃப் லைட்னிங்' 2018இல் வந்தது. பேரழிவுக்குப் பிந்தைய நவஹோ பழங்குடியினரின் நாட்டில் அரக்கர்களை வேட்டையாடும் மேகி என்ற பெண்ணின் கதை. பரிசும் பாராட்டும் பெற்றது. ஆனால் நவஹோ எழுத்தாளர்கள் சிலர், தங்கள் புனிதக் கதைகளை இப்படிக் கையாண்டது சரியல்ல என்று பகிரங்கமாகக் கடிதம் எழுதினார்கள். பாராட்டு, கண்டனம் இரண்டையும் வாசியுங்கள்.

இது நமக்கும் பொருந்தும். சுடலைமாடனும் இசக்கியம்மனும் முனீஸ்வரனும் இன்றும் கொடை வாங்கும் தெய்வங்கள். அவர்களை எழுத விரும்பினால் கொடை விழாவுக்குப் போங்கள், வில்லுப்பாட்டை இரவு முழுக்கக் கேளுங்கள், அந்தக் கோயில் பெரியவர்களிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று விசாரியுங்கள். அது முடியாவிட்டால் தெய்வத்தை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

நல்ல முன்மாதிரி வேண்டுமென்றால் ஸென் சோ 2021இல் எழுதிய 'பிளாக் வாட்டர் சிஸ்டர்' இருக்கிறது. அமெரிக்காவில் வளர்ந்த ஜெஸ், பெற்றோருடன் பினாங்குக்குத் திரும்புகிறாள். இறந்துபோன பாட்டியின் குரல் அவள் தலைக்குள் பேசுகிறது. அந்தப் பாட்டி, தன் மேல் ஒரு தெய்வம் இறங்க, அருள்வாக்குச் சொன்னவள். கோயில் நிலத்தின் மீது ஒரு பெரும் பணக்காரரின் கண். ஜெஸ் ஒரு பெண்ணைக் காதலிப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. பேயைவிட அந்த ரகசியத்துக்குத்தான் அவள் அதிகம் பயப்படுகிறாள். சொந்த ஊர், சொந்தக் குடும்பம், சொந்த அச்சம் இருந்தால் கடன் வாங்கிய காட்டேரி எதற்கு?

10. ஒவ்வொரு அத்தியாயத்தையும் இரண்டு கேள்விகளால் சோதியுங்கள்.

'வார் ஃபார் தி ஓக்ஸ்' நாவலில் ஃபேரி இனத்தாருக்குச் சாவு எளிதில் வராது. போர்க்களத்தில் மனித உயிர் ஒன்று நின்றால்தான் அவர்களுடைய சாவு உண்மையாகும். அதற்காகத்தான் எடியைப் பிடித்து வருகிறார்கள். அவளை ஒரு கருவியாகத்தான் நினைக்கிறார்கள். கடைசியில் அவளோ எதிரி அரசியை இசைப் போட்டிக்கு அழைத்து, போரைத் தன் களத்துக்கே மாற்றிவிடுகிறாள். கிதாரும் குரலும் அவளுடையவை. பணயம் வைத்த வாழ்வும் அவளுடையது.

ஆகவே எழுதி முடித்த ஒவ்வொரு அத்தியாயத்தின் கீழும் இரண்டு வரி எழுதிவையுங்கள்: இதில் அவள் எடுத்த முடிவு என்ன? அதற்காக அவள் இழந்தது என்ன? இரண்டுக்கும் பதில் இருந்தால் அடுத்த அத்தியாயத்துக்குப் போங்கள். ஒன்றுக்கு மட்டும் பதில் இருந்தால் திருத்துங்கள். இரண்டுக்கும் பதில் இல்லை என்றால், அதில் எவ்வளவு அழகான சண்டைக்காட்சி இருந்தாலும் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள்.