இசைக்கருவிச் சீட்டு: பிள்ளைக்கு எந்த ஆட்டம்?

பிள்ளைகளுக்கு வாத்தியங்களை அறிமுகம் செய்ய அட்டை விளையாட்டு தேடுகிறவர்கள், ஒரு கேள்வியோடு கடைக்குப் போனால் போதும்: இந்த ஆட்டத்தில் ஜெயிப்பது எதனால்? படம் இருந்த இடத்தை ஞாபகம் வைத்தவன் ஜெயித்தால் வளர்வது ஞாபகசக்தி. எண் பெரிதாக உள்ள அட்டை ஜெயித்தால் வளர்வது எண் மனப்பாடம். காது ஜெயித்தால்தான் அது இசை ஆட்டம். பெரும்பாலான பெட்டிகள் இந்த இடத்தில்தான் தவறுகின்றன.

எல்லாருக்கும் தெரிந்தது ஜோடி சேர்க்கும் ஆட்டம். அட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பி, இரண்டிரண்டாகத் திருப்பி, ஒரே படம் வந்தால் எடுத்துக்கொள்வது. ஜெர்மனியின் ராவன்ஸ்பர்கர் நிறுவனம் 1959-ல் இதைப் பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கியது. இன்று உலகம் முழுக்க எத்தனையோ பெயர்களில் கிடைக்கிறது. நாலு வயதுக் குழந்தையும் ஆடலாம். ஆனால் இரண்டு வீணைப் படங்களை ஒன்றுசேர்க்க வீணையைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. இரண்டு மாம்பழப் படங்களாக இருந்தாலும் ஆட்டம் அதேதான். இதற்கு ஒரு வழி உண்டு. ஜோடியை மாற்றுங்கள். நாகசுரத்துக்கு ஜோடி வாயில் வைத்து ஊதும் சீவாளி, வயலினுக்கு வில், தவிலுக்கு விரலில் மாட்டும் கூடு, கடத்துக்குக் களிமண். இப்போது ஒவ்வொரு ஜோடியும் ஒரு சேதி சொல்லும். இப்படி அமைந்த பெட்டி கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.

டிரம்ப் கார்டு வேண்டாம். கிரிக்கெட் வீரர், மல்யுத்த வீரர் அட்டைகளை வைத்து ஆடிய தலைமுறைக்கு அதன் மேல் ஒரு பாசம் இருக்கும். ஆனால் கருவியின் நீளம், எடை, வயது என்று எண் போட்டு மோதவிட்டால், தம்பூரா ஏன் எப்போதும் புல்லாங்குழலை ஜெயிக்கிறது என்பதற்குப் பிள்ளையிடம் நாம் சொல்ல ஒன்றும் இல்லை. கருவிகளுக்குள் மேல் கீழ் கற்பிக்கிற ஆட்டம் நம் ஊருக்கு உதவாது. பறையை எத்தனை காலம் கீழே வைத்தோம் என்பது நமக்குத் தெரியும். மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ வந்தது 2025-ல்தான்.

குடும்பம் சேர்க்கும் ஆட்டம் நின்று பேச வேண்டியது. நாலு அட்டை சேர்ந்தால் ஒரு செட்டு; கையில் இல்லாததை அடுத்தவரிடம் பேர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். இங்கிலாந்தில் 1851 முதல் இருக்கிறது, ஜெர்மனியில் 'குவார்ட்டெட்' என்பார்கள். நம் கருவிகளுக்கென்றே பிறந்தது போன்ற ஆட்டம் இது. காரணம், தோல், துளை, நரம்பு, கஞ்சம் (தன் உடலே அதிர்ந்து ஒலிப்பவை) என்ற நம் பழைய பகுப்பு. அது நம்மோடு நின்றுவிடவில்லை. 1876-ல் கல்கத்தாவின் சௌரீந்திர மோகன் தாகூர் பெல்ஜியம் அரசருக்கு ஏறக்குறைய நூறு இந்தியக் கருவிகளை அனுப்பினார். அவை சேர்ந்த பிரஸ்ஸல்ஸ் காட்சியகத்தின் பொறுப்பாளர் மஹியோன், இந்தியாவின் நால்வகைப் பகுப்பைப் பின்பற்றி உலகக் கருவிகளை அடுக்கினார். இசை ஆய்வாளர்களான ஹார்ன்போஸ்டலும் சாக்ஸும் 1914-ல் வெளியிட்ட வகைப்பாடு அதன் மேல் எழுந்தது. அருங்காட்சியகங்களில் இன்றும் புழங்குவது அதுதான்.

ஆனால் நாலு வகைக்கு நாலு அட்டை என்றால் பதினாறுதான். ஆட்டம் சட்டென்று முடிந்துவிடும். ஒவ்வொரு வகையையும் இரண்டாகப் பிரியுங்கள். தோலில் கையால் வாசிப்பவை மிருதங்கம், கஞ்சிரா, தபேலா, உடுக்கை; குச்சியால் வாசிப்பவை பறை, உறுமி, பம்பை, முரசு. துளையில் சீவாளியோ நாக்கோ உள்ளவை நாகசுரம், ஒத்து, கிளாரினெட், ஷெனாய். இல்லாதவை புல்லாங்குழல், சங்கு, கொம்பு, எக்காளம். நரம்பில் விரலால் மீட்டுபவை வீணை, தம்பூரா, சித்திரவீணை, கிட்டார். வில் போட்டு இழுப்பவை வயலின், சாரங்கி, வயோலா, செல்லோ. கஞ்சத்தில் உலோகம் தாளம், சேகண்டி, சலங்கை, மோர்சிங். உலோகம் அல்லாதவை கடம், கோலாட்டக் குச்சி, மரக் கட்டை, மீனாட்சியம்மன் கோயில் இசைத்தூண். மொத்தம் 32 அட்டை, எட்டு செட்டு.

இதில் பிள்ளைகள் சண்டை போடும் இடங்களில்தான் பாடம் இருக்கிறது. கடத்தைக் கையில் எடுத்த பிள்ளை அதை மிருதங்கத்தோடு சேர்க்கப் பார்க்கும். கச்சேரியில் இரண்டும் பக்கம் பக்கமாகத்தானே இருக்கின்றன? தோல் எங்கே என்று கேளுங்கள். பானையில் தோல் கிடையாது, மண்ணே பேசுகிறது என்று அதுவே கண்டுபிடிக்கும். அந்த மண் மானாமதுரை மண் என்றும் சொல்லிவிடுங்கள். அங்கே செய்த கடம்தான் கச்சேரி வித்வான்கள் பலர் தேடுவது. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தவிலை வேண்டுமென்றே 32-க்கு வெளியே வையுங்கள். அதன் ஒரு பக்கம் கூடு மாட்டிய விரல், மறுபக்கம் குச்சி. எந்தச் செட்டிலும் அடங்காத அந்த அட்டையை ஜோக்கராக வைத்தால், ஏன் ஜோக்கர் என்று ஒவ்வொரு பிள்ளையும் கேட்கும்.

ஆட்டத்தில் ஒரு விதி சேருங்கள். "அக்கா, கொம்பு இருக்கா?" என்று மட்டும் கேட்டால் அட்டை கிடையாது. "அக்கா, சீவாளி இல்லாத துளைக்கருவி, கொம்பு இருக்கா?" என்று முழுதாகக் கேட்க வேண்டும். ஏழு வயதுக்கு மேல் இது சரியாக வரும். அதற்குக் கீழே என்றால் 'தோல்', 'துளை' என்ற அளவில் நிறுத்துங்கள்.

'நான் யார்?' குறிப்பு அட்டைகள் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நன்றாக இருக்கும், ஆனால் எழுதுகிறவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 'என் ஒரு முகத்தில் அடிப்பார்கள், மறுமுகத்தில் வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், நான் உறுமுவேன்' என்பது நல்ல குறிப்பு. 'நான் ஒரு பாரம்பரிய இசைக்கருவி' என்பது அட்டைக்குக் கேடு. கடையில் குறிப்பு அட்டை வாங்கும்போது நாலைந்தைப் படித்துப் பார்த்தே முடிவெடுங்கள்.

கடைசியாக, என் முதல் தேர்வு. ஜப்பானில் கருட்டா என்று ஒரு ஆட்டம்: அட்டைகளைப் பாயில் பரப்பிவிட்டு ஒருவர் பாட்டை வாசிப்பார், மற்றவர்கள் அதற்குரிய அட்டையைப் பாய்ந்து எடுப்பார்கள். அதே 32 அட்டைகளைப் பரப்புங்கள். வாசிப்பதற்குப் பதிலாகக் கைபேசியில் பத்து விநாடி ஒலி. நாகசுரம் வந்ததும் நாகசுரத்தின் மேல் கை விழ வேண்டும். ஆரம்பத்தில் ஒலியில் தூரமான ஆறு கருவிகள் போதும்: சங்கு, வீணை, பறை, சலங்கை, புல்லாங்குழல், உறுமி. பழகிய பிறகு நாகசுரத்தையும் ஷெனாயையும் பக்கத்தில் வையுங்கள், வீணையையும் சித்திரவீணையையும் வையுங்கள். பெரியவர்களே தடுமாறுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையும் அண்ணனோடு சமமாக ஆட முடிகிற இசை ஆட்டம் இது.

ஒலிக்கு இணையத்தை மட்டும் நம்ப வேண்டாம். மதுரையில் பழங்காநத்தத்திலிருந்து டி.பி.கே. ரோட்டில் போனால் அடுத்தது பசுமலை, அரசு இசைக் கல்லூரி அங்கே. இன்னும் கொஞ்சம் போனால் திருப்பரங்குன்றம் கோயில். பூசை நேரத்தில் நின்றால் நாகசுரமும் தவிலும் காதில் விழும். மதுரைச் சித்திரைத் திருவிழாவில் சுவாமி புறப்பாட்டுக்கு முன்னே டங்கா மாடு முரசைச் சுமந்து வரும். அனுமதி கேட்டு, கைபேசியில் பதிந்து வந்த ஒலியை வைத்து ஆடும்போது பிள்ளைகள் கேட்கும் கேட்பே வேறு.

வாங்குவதா, செய்வதா? கடைப்பெட்டிகளில் பல மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து அமைந்தவை. அவை கெட்டவை என்று சொல்ல மாட்டேன். ஓபோவுக்கும் நாகசுரத்துக்கும் இரட்டை நாக்குள்ள சீவாளி என்று தெரிந்தால் பிள்ளைக்கு உலகம் விரியும். ஆனால் முதல் பெட்டியாக அது வேண்டாம். தெருவில் கேட்காத கருவியின் பெயர் மனத்தில் தங்காது. இந்தியக் கருவிகள் என்று போட்ட பெட்டியாக இருந்தால் பறை, உறுமி, பம்பை இருக்கின்றனவா என்று பின்பக்கம் பாருங்கள். இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

செய்வது கடினமில்லை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை ஒன்பதுக்கு ஆறு சென்டிமீட்டரில் வெட்டி, பின்பக்கம் முழுக்க ஒரே நிறத் தாள் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பின்பக்கத்தைப் பார்த்தே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். படத்தைப் பிள்ளையே வரையட்டும். வீணையின் மெட்டு 24 என்பதை எண்ணி வரைந்த பிள்ளை மறக்காது.

நாலு முதல் ஆறு வயது வரை ஒலி கேட்டு எடுக்கும் ஆட்டம் மட்டும் போதும். ஏழுக்கு மேல் அதோடு குடும்பம் சேர்க்கும் ஆட்டம். பத்துக்கு மேல் குறிப்பு அட்டைகளைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். பணம் செலவழித்துத்தான் ஆக வேண்டும் என்றால் சீவாளியும் வில்லும் ஜோடியாக வரும் பெட்டியை வாங்குங்கள். அப்படி ஒன்று கிடைக்காவிட்டால், அந்தக் காசில் பிள்ளை கையில் ஒரு மூங்கில் புல்லாங்குழல் வாங்கிக் கொடுங்கள்.