இறகு முளைத்த சொல்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

ஆங்கிலச் செய்தித்தாளைப் புரட்டினால் அடிக்கடி கண்ணில் படும் அடைமொழி ஒன்று உண்டு: 'ஃபுல்-ஃபிளெட்ஜ்டு'. எல்லா வசதியும் கொண்ட மருத்துவமனையா, தனி அலுவலகங்களோடு இயங்கும் மாவட்டமா, எதற்கு முன்னாலும் இது வந்து நிற்கும். நாமும் 'முழு அளவிலான' என்று பொருள் கொண்டு கடந்து போகிறோம். இச்சொல்லின் முற்பாதிக்கு முழுமை என்பது பொருள். பிற்பாதிக்கு என்ன பொருள் என்று வகுப்பில் தோழியரிடம் கேட்டேன். உறுதிமொழியைக் குறிக்கும் 'பிளெட்ஜ்' என்றார்கள் சிலர். ஆங்கிலத்திலேயே பலர் அப்படி நினைத்துத் தவறாக எழுதுவதுண்டு. இரண்டுக்கும் யாதொரு உறவும் இல்லை.

இது பறவைக் கூட்டில் பிறந்த சொல். பழைய ஆங்கிலத்தில் 'பறக்கத் தகுதி பெற்ற' என்னும் பொருளில் வழங்கிய ஒரு பெயரடையே இதன் மூலம். பறத்தலைக் குறிக்கும் 'ஃபிளை' என்ற வினையும் இதே குடும்பம்தான். ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பான 'ஃபிளூகெ' இன்றும் பறக்கும் பருவம் எய்திய குஞ்சைக் குறிக்கிறது. டச்சு மொழியிலோ 'ஃபிளுக்' என்றால் விரைவு. ஒரே வேரில் கிளைத்தவை எவ்வளவு தள்ளிப் போய்விட்டன, பாருங்கள்! ஆங்கிலேயர் அம்புக்கு இறகு கட்டுவதையும் இவ்வினையால் சொன்னார்கள். குஞ்சுப் பறவையையும் கற்றுக்குட்டியையும் ஒருங்கே குறிக்கும் 'ஃபிளெட்ஜ்லிங்' என்பது 19-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த இளைய சொல். அமெரிக்கர் 'ஃபுல்' என்பதை, பிரிட்டிஷார் 'ஃபுல்லி' என்பார்கள். அந்த வேற்றுமை நமக்குப் பெரிதல்ல.

ஷேக்ஸ்பியர் 1596-97 வாக்கில் எழுதிய 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் இச்சொல் ஒரு மகளைப் பற்றி வருகிறது. ஷைலக்கின் மகள் ஜெசிகா வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். தந்தை புலம்புகிறார். பறவைக்கு இறகு முளைத்தது உமக்குத் தெரியாதா, முளைத்தால் தாயை விட்டுப் போவதுதானே இயல்பு என்று எதிரே நிற்பவன் கேலி பேசுகிறான்.

இந்த இடத்தைப் படித்தபோது என் ஆச்சியின் குரல்தான் காதில் விழுந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். மேற்படிப்புக்குப் பாளையங்கோட்டை போய் விடுதியில் தங்கலாமா என்று ஒருநாள் பேச்செடுத்தேன். "ஏட்டி, ஒனக்கு எறக்க மொளச்சிட்டோ?" என்று கேட்டாள். ஆங்கிலத்தில் பாராட்டாகவே நின்றுவிட்ட உவமை, நம் வீடுகளில் கண்டிப்பாக வழங்குகிறது. அதையும் பெரும்பாலும் பெண்பிள்ளைகள்தாம் கேட்கிறோம்! பறக்கும் குஞ்சின் பக்கம் நின்று ஆங்கிலம் சொல்லுகிறது. வெறுமையாகப் போகும் கூட்டின் பக்கம் நின்று ஆச்சி சொல்லுகிறாள். பறவைகளின் இளமைப் பெயர்களாகத் தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, பிள்ளை என்னும் இரண்டைக் கூறுகிறது. கிளிப்பிள்ளை என்று இன்றும் சொல்கிறோம். குஞ்சும் பிள்ளைதான், நாமும் பிள்ளைதான்.

இனி விலங்கியலுக்கு வருவோம். புதிதாக முளைக்கும் பறப்பு இறகு ஓர் உறைக்குள் சுருண்டபடி வெளிவரும். அதனுள்ளே இரத்தக் குழாய் ஓடும். அப்போது முறிந்தால் இரத்தம் கசியும். வளர்ந்து முடிந்ததும் இரத்த ஓட்டம் நின்று, அடித்தண்டு காய்ந்து உள்ளீடற்றதாகிவிடும். இப்படி இறக்கையின் இறகுகள் பறப்பதற்குப் போதுமான அளவு வளர்ந்துவிட்ட நிலைக்குத்தான் இந்தச் சொல். உடல் முழுதும் முதிர்ந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை.

இதைக் கண்ணால் காண நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம் போனால் போதும். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. வீடுகளை ஒட்டிய மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுகின்றன. நாரைக் குஞ்சு பறக்க ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். கூழைக்கடாவுக்கு இன்னும் கூடுதல் காலம். பறக்கத் தொடங்கிய இளநாரையைத் தாய்ப் பறவையோடு ஒப்பிட்டால் வேறுபாடு உடனே தெரியும். தாய்க்கு வாலருகே இளஞ்சிவப்பு இறகுகள் இருக்கும். பிள்ளையோ மங்கிய பழுப்பு. அந்த நிறம் மாறச் சில ஆண்டுகள் செல்லும். முதல் பறப்புக்குப் பின்பும் அது கூட்டுக்குத் திரும்பி வந்து இரை கேட்கும். பெற்றவையும் கொடுக்கும்.

ஆகவே 'முழு அளவிலான' என்னும் மொழிபெயர்ப்பு எனக்கு நிறைவளிக்கவில்லை. நம் தென்காசி 2019 நவம்பர் 22 அன்று நெல்லையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அன்றைக்கே அது எல்லாம் நிறைந்த மாவட்டமாகிவிட்டதா என்ன? தனியே பறக்கத் தொடங்கிற்று, அவ்வளவே. 'சிறகு நிரம்பிய' என்று சொல்லிப் பார்க்கிறேன். செய்தித்தாளுக்கு ஒத்து வருமோ என்னவோ. இதைவிடப் பொருத்தமான சொல்லைத் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் தந்தால் மகிழ்வேன்.

கூந்தன்குளத்தில், இறகு முளைக்குமுன் கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளும் உண்டு. அவற்றை எடுத்து, மீன் ஊட்டி, பறக்கும் வரை வளர்த்து விடுகிற வழக்கம் அந்த ஊரில் இருக்கிறது. இதை ஆச்சியிடம் சொன்னேன். "வளத்தவுக கிட்ட திரும்பி வருமா?" என்று மட்டும் கேட்டாள்.