பேட்ச் ஒட்டினால் ஒன்றும் தெரியாது, அதுதான் விஷயம்

"பேட்ச் ஒட்டிப் பார்த்தேன் சார், ஒண்ணுமே தெரியலை. வீண் செலவு." பெருங்களத்தூர் ஜி.எஸ்.டி. ரோடு டீக்கடைகளில் இந்தப் புலம்பலை அடிக்கடி கேட்கிறேன். நானும் அதே இடங்களில் நின்று வருடக்கணக்காகத் தம் அடித்தவன், நிக்கோட்டின் பேட்ச் ஒட்டித்தான் அதை விட்டேன். தெரியாமல் வேலை செய்வதுதான் அதன் குணம்.

புகையை இழுத்தால் நிக்கோட்டின் 10–20 நொடியில் மூளைக்குப் போய்விடும். அந்த வேகத்துக்குத்தான் நாம் அடிமை. பேட்ச்சில் இருப்பதும் நிக்கோட்டின்தான், ஆனால் தோல் வழியாகக் கசிந்து ரத்தத்துக்கு வர மணிக்கணக்காகும். வந்தபின் நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும். கிக் கிடையாது. கை நடுக்கமும் எரிச்சலும் மட்டும் அடங்கும். தாரும் கார்பன் மோனாக்சைடும் உள்ளே போவதில்லை. புகையிலை அறுவடை செய்பவர்களுக்கு ஈர இலை தோலில் பட்டே தலைசுற்றலும் வாந்தியும் வரும். அதைக் கவனித்துதான் அமெரிக்காவில் மர்ரே ஜார்விக், ஜெட் ரோஸ் இருவரும் இந்த வழியில் இறங்கினார்கள். முதலில் சோதித்தது தங்கள் தோலிலேயே.

நம்மூரில் பெரிய எதிரி வியர்வை. குளித்த ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால், அடுத்த ஸ்டேஷனான தாம்பரம் வருவதற்குள் ஓரம் பெயர்ந்துவிடும். நன்றாகத் துடைத்து, எண்ணெயோ பவுடரோ படாத, முடியில்லாத இடமாகப் பார்த்து ஒட்டி, உள்ளங்கையால் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். எனக்குச் சரிப்பட்டது மேல்கை, சட்டைக்குள். வெயில் நேரடியாகப் படக்கூடாது. தோல் சூடானால் மருந்து வேகமாக இறங்கும். தினமும் இடத்தை மாற்றுங்கள், ஒட்டிய இடத்துக்கு ஒரு வாரம் ஓய்வு. லேசான அரிப்பு சகஜம், தடிப்பு பரவினால் டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் பிடிப்பவர்களுக்குப் பெரும்பாலும் 21 மில்லிகிராமில் ஆரம்பித்து, சில வாரங்கள் கழித்து 14, பிறகு 7 என்று இறக்குவார்கள். தெம்பு வந்துவிட்டதென்று நடுவில் நிறுத்த வேண்டாம். இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. கேட்க ஆள் இல்லையென்றால் புகையிலையை விட உதவும் 1800 11 2356 எண் இருக்கிறது, இலவச அழைப்பு.

ராத்திரியும் ஒட்டியபடி தூங்கினால் கனவுகள் கலர்கலராக வரும். தீபாவளிக் கூட்டத்தில் மூட்டையோடு நான் பஸ்ஸைத் துரத்தாத இரவில்லை. படுக்கும்முன் உரித்துவிடச் சொன்னார் டாக்டர், பஸ்ஸும் நின்றது.

திடீரென்று எழும் ஆசைக்கு மட்டும் பேட்ச்சின் நிதானம் போதாது. அதற்கு 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம். இரண்டும் சேர்ந்தால் பலன் கூடுதல் என்பதை ஆய்வுகளும் சொல்கின்றன, ஆனால் டாக்டர் சொல்லிச் சேருங்கள். காரம் தெரியும்வரை மென்று கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். காபி குடித்த கையோடு போட்டால் மருந்து சரியாக ஏறாது, கால் மணி நேரம் விடுங்கள்.

உரித்த பேட்ச்சிலும் மருந்து மிச்சமிருக்கும். பசைப்பக்கம் உள்ளே போக மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாத குப்பைக்கூடையில் போடுங்கள். ஸ்டிக்கர் என்று நினைத்து எடுத்து ஒட்டிக்கொள்ளும் வாண்டுகள் எல்லா வீட்டிலும் உண்டு.