ராஜபாளையம் நாய்: வாங்குமுன் அறிய வேண்டியவை

சங்கத்தின் பொங்கல் விழாவன்று செம்பூர் அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "சார், உங்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்தானே? பேரன் நாய் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். சீமை நாய் எதற்கு, நம் ஊர் நாயே வாங்கலாமே என்று பார்க்கிறேன். பால்வெள்ளையாக, மூக்கு ரோஜா நிறத்தில் ஒரு ராஜபாளையம் குட்டி கிடைக்குமா?" என்று கேட்டார். பந்தியில் இலை போட்டுவிட்டதால் பதில் அரைகுறையாக நின்றுபோயிற்று. அவர் கேட்ட நிறத்திலேதான் சிக்கல் இருக்கிறது என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தென் தமிழ்நாட்டில் பெயர்பெற்ற நாயினங்கள் சில உண்டு. சிப்பிப்பாறையும் கன்னியும் மெலிந்த உடலும் நீண்ட கால்களும் கொண்டவை. முயலைக் கண்ணால் கண்டு விரட்டிப் பிடிக்க வளர்க்கப்பட்டவை. தேனி மாவட்டத்துக் கோம்பை குட்டையானது, உறுதியானது, முகம் கறுத்தது. இவற்றிலெல்லாம் ராஜபாளையமே எடுப்பான உருவம் உடையது. ஆண் நாய் தோள் வரை 65 முதல் 75 சென்டிமீட்டர் நிற்கும். ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, தொங்கும் காது, பொன்னிறக் கண், குட்டை மயிர். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோப்புக் காவலுக்கும் ராஜூக்கள் வீடுகளில் வளர்ந்த இனம் இது. பாளையக்காரர் படையோடு போருக்குப் போனது என்றும் ஊரில் சொல்வார்கள். சான்று கேட்டால் மீசையைத் தடவுவார்கள்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை நின்றது. வேலை போன நாய்க்கு மிஞ்சியது அழகும் பெருமையும்தான். 2005இல் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. 2020இல் கர்னாலில் உள்ள தேசிய நிறுவனம் நாட்டு நாயினங்களை முதன்முறையாகப் பதிவு செய்தபோது சிப்பிப்பாறை, கர்நாடகத்து முதோல் ஆகியவற்றுடன் இதுவும் இடம்பெற்றது. நல்லதுதான். ஆனால் பன்றியை எதிர்த்து நிற்பதற்காகத் தேர்ந்தெடுத்த காலத்தில் காது கேளாத நாய் தானாகவே கழிந்துவிடும். வெள்ளைக்காகத் தேர்ந்தெடுக்கும்போது அந்தச் சோதனை இல்லை.

1991 மே மாதம் நானும் ஊரிலிருந்து ஒரு குட்டி கொண்டுவந்தேன். இரண்டு மாதக் குட்டி, ஒரு புள்ளி இல்லாத வெள்ளை. ரசீது போட்டுக் கார்டு வேன் நாய்ப்பெட்டியில் ஏற்றி, ஒவ்வொரு பெரிய நிலையத்திலும் இறங்கி ஓடித் தண்ணீர் காட்டி, கொல்லம் மெயிலில் சென்னைக்கும் அங்கிருந்து தாதருக்கும் வந்து சேர்ந்தேன். மணி என்று பெயர் வைத்தோம். மாட்டுங்காவில் ரயில் பாதையை ஒட்டிய குவார்ட்டர்ஸ். வண்டி வரும்போதெல்லாம் மணி படுத்த இடத்திலிருந்து துள்ளி எழும். நல்ல கூர்மையான காது என்று பக்கத்து வீட்டாரிடம் பெருமை பேசினேன்.

கூப்பிட்டால் மட்டும் வராது. பிடிவாதக்கார நாய் என்று முடிவு கட்டி, சுருட்டிய செய்தித்தாளால் மூன்று மாதம் அடித்திருக்கிறேன். ஒருநாள் தூங்கிக்கொண்டிருந்த மணியை என் மகள் பின்னாலிருந்து தொட்டாள். அது திடுக்கிட்டுத் திரும்பி அவள் கையைக் கடித்துவிட்டது. விற்றுவிடலாம் என்று நான் சொன்னபோது என் மனைவிதான், "குக்கர் விசில் அடிக்கும்போதும் இது அசையாமல் தூங்குகிறதே, கவனித்தீர்களா?" என்றாள்.

மகளுக்கு ஊசி போட்டான பின், பரேலில் ஒரு கால்நடை மருத்துவரிடம் மணியைக் கொண்டுபோனேன். அவர் அதைத் தடித்த பஞ்சு மெத்தைமேல் உட்கார வைத்து, பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினார். மணி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரயில் சத்தத்தை அது கேட்கவில்லை. தரை வழியாக வந்த அதிர்வை உணர்ந்திருக்கிறது. பெட்டிகளின் ஸ்பிரிங்கையும் அதிர்வையும் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவனுக்கு இது தெரியவில்லை.

மருத்துவர் விளக்கியது இது. தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் செல்கள் உட்காதிலும் உண்டு. நத்தை வடிவிலுள்ள கேட்கும் உறுப்பில் ஒரு இரத்தக் குழாய்ப் படலம் இருக்கிறது. அது சரியாக இயங்க இச்செல்கள் தேவை. உடலெல்லாம் வெள்ளையாக்கும் மரபுக்கூறு சில குட்டிகளில் இச்செல்களை உட்காதுக்கும் போகவிடாமல் செய்துவிடுகிறது. பிறந்த மூன்று நான்கு வாரத்தில் படலம் சுருங்கி, ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் அழிந்துபோகின்றன. பிறகு மருந்தில்லை. இது நம் நாய்க்கு மட்டும் வந்த குறையல்ல. அமெரிக்காவில் டால்மேஷியன் நாய்களைச் சோதித்தபோது நூற்றுக்கு முப்பது அளவில் ஒரு காதோ இரண்டுமோ கேளாதவையாக இருந்தன. எல்லா வெள்ளை நாயும் செவிடு என்று பொருளல்ல. மணியின் உடன்பிறந்த குட்டிகள் நன்றாகக் கேட்டன.

இதிலிருந்து அன்பருக்கு ஒரு வசதி. விற்பனைக்கு வரும் எட்டு வார வயதில் குறை ஏற்கெனவே முற்றியிருக்கும், தோப்பிலேயே கண்டுபிடித்துவிடலாம். குட்டியைக் கூட்டத்திலிருந்து பிரியுங்கள், ஏனெனில் செவிட்டுக் குட்டி மற்றவற்றைப் பார்த்துத் தானும் திரும்பும். சாக்கு அல்லது மெத்தைமேல் விடுங்கள். பின்னால் எட்டி நின்று, காற்றும் நிழலும் மேலே படாமல் ஓசை எழுப்புங்கள். கை தட்டுவதைவிட சாவிக்கொத்து நல்லது. காலைத் தரையில் தட்டவே கூடாது. நாலைந்து முறை, இடைவெளி விட்டுச் செய்யுங்கள். தூங்கும்போது செய்தால் இன்னும் நல்லது. ஒரு காது மட்டும் கேளாத குட்டி இதில் தப்பிவிடும்; தலையில் மெல்லிய ஊசிமுனை வைத்து மூளைத்தண்டின் மின்னலைகளைப் பதியும் கருவியால்தான் அதை அறியலாம். அப்படிப்பட்ட நாய் வீட்டுக்கு உதவும், குட்டி போட மட்டும் விடக்கூடாது.

காது கேட்கும் நாயானாலும் செம்பூர் ஃபிளாட்டுக்குப் பொருந்துமா? பொழுது விடியுமுன் ஒரு மணி நேரம் ஓடவிட ஆள் வேண்டும். வீட்டாரிடம் உயிராக இருக்கும், வேற்றாளை எளிதில் ஏற்காது. லிஃப்டில் யாரும் தொட வந்தால் உறுமும். ரோஜா மூக்கு வெயிலில் வெந்துபோகும். பேரனைவிட அவருக்குத்தான் வேலை அதிகம்.

மணியை விற்கவில்லை. கையைத் தூக்கினால் உட்காரவும், உள்ளங்கையைக் காட்டினால் நிற்கவும், டார்ச்சை இரண்டு முறை மின்னினால் ஓடிவரவும் கற்றுக்கொண்டது. எழுப்ப வேண்டுமென்றால் தரையில் இரண்டு தட்டு. 2001 வரை எங்களோடு இருந்தது. சுருட்டிய செய்தித்தாளை யார் கையில் எடுத்தாலும் கட்டிலுக்கடியில் போய்விடும் பழக்கம் மட்டும் கடைசிவரை மாறவில்லை.